எழுத மறுத்தவரும் எழுதித் தீர்த்தவரும்

கனவையும் அடிமனத்தையும் கலையின் ஊற்றாகக் கொண்ட இயக்கம் சர்ரியலிசம். அதன் தலைவரான பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் வெளியிட்ட சர்ரியலிச அறிக்கையில் ஒரு பட்டியல் வரும். சர்ரியலிசம் என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த வழியில் நடந்தவர்கள் யார் யார் என்று சொல்கிற பட்டியல். ஸ்விஃப்ட் தன் குரூரத்தில் சர்ரியலிஸ்ட், சாத் தன் சாடிசத்தில், போ சாகசத்தில், பொதலேர் அறத்தில். விக்தர் ஹ்யூகோவுக்கும் இடம் உண்டு, முட்டாள்தனமாக இல்லாத நேரங்களில் மட்டும். எல்லாமே இலக்கிய வரலாற்றின் பெரிய தலைகள். நடுவில் ஒரு வரி மட்டும் ஒட்டாமல் நிற்கிறது: “வாஷே என்னுள் சர்ரியலிஸ்ட்.”

மற்றவர்களுக்கெல்லாம் அவரவர் எழுத்திலிருந்து ஒரு குணம் எடுத்துச் சொல்லப்படுகிறது. ழாக் வாஷேவுக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவர் புத்தகம் எதுவும் எழுதவில்லை. பள்ளிக்காலக் கவிதைகள் சில, கோட்டோவியங்கள், நண்பர்களுக்குப் போர்முனையிலிருந்து போட்ட கடிதங்கள், அவ்வளவுதான். இருபத்து மூன்று வயதில் செத்தும் போனார். அப்படிப்பட்ட ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் மிகச் செல்வாக்கான இலக்கிய இயக்கம் ஒன்றின் ஊற்றுக்கண்களில் ஒருவராக எப்படி ஆனார்? அவர் என்ன செய்தார் என்பது இதற்குப் பாதி விடைதான். அவரை பிரெத்தோன் எப்படி வாசித்தார், எப்படி எழுதிக்காட்டினார் என்பது மீதிப் பாதி.

இருவரும் சந்தித்தது 1916இன் தொடக்கத்தில், பிரான்ஸின் மேற்கே லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் நாந்த் நகரில். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. பிரெத்தோன் மருத்துவ மாணவர், இருபது வயது, ராணுவ மருத்துவமனையில் பணி. வாஷே அவரைவிடச் சில மாதங்கள் மூத்தவர். 1895 செப்டம்பரில் லோரியான் துறைமுக நகரில் பிறந்தவர், ராணுவ அதிகாரியின் மகன். ஷாம்பாஞ் போர்முனையில் 1915 செப்டம்பரில் கையெறி குண்டுகள் வெடித்துக் கெண்டைக்காலில் காயம்பட்டு, சிகிச்சைக்காக நாந்த்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்.

பிரெத்தோன் பிற்பாடு வரைந்து காட்டும் அந்த நோயாளியின் சித்திரம் மறக்க முடியாதது. செம்பட்டை முடி, கச்சிதமான உடை. எழுந்து நடக்க முடியாததால் படுக்கையில் கிடந்தபடியே தபால் அட்டைகளில் படம் வரைந்து, அவற்றுக்கு விநோதமான தலைப்புகள் கொடுத்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் ஆண்களின் நவநாகரிக உடைகள்தான் அவர் கற்பனைக்குத் தீனி. தினமும் காலையில் ஒரு மணி நேரமாவது செலவழித்து, கைக்கெட்டும் தூரத்தில் சரிகைத் துணி விரித்த குட்டி மேசையில் ஓரிரு புகைப்படங்கள், கிண்ணங்கள், கொஞ்சம் ஊதாப் பூக்கள் என்று அடுக்கி வைப்பார். வெளியே ஐரோப்பா சேற்றுக் குழிகளில் அழுகிக்கொண்டிருக்கிறது. இவர் பூ அடுக்குகிறார்.

பிரெத்தோன் அப்போது குறியீட்டுக் கவிஞர் மல்லார்மேயின் பாணியில் செதுக்கிச் செதுக்கிக் கவிதை எழுதிக்கொண்டிருந்த இளைஞர். மனம் முழுக்கக் கவிஞர் ரேம்போ. நாந்த் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் ரேம்போவின் வரிகள் அவரைப் பிடித்து ஆட்டின. தன் ஆதர்சங்களையெல்லாம் வாஷேவிடம் கொண்டுபோய்க் கொட்டினார். ரேம்போவா? வாஷேவுக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை. அன்றைய நவீனக் கவிஞர் அப்போலினேர்? அவ்வளவாகத் தெரியாது. உருவங்களைக் கோணங்களாக உடைத்து வரையும் கியூபிசம்? நம்பிக்கை இல்லை. ஆல்ஃப்ரெட் ழாரியை மட்டும் மெச்சினார். ‘உபு ராஜா’ என்ற கோமாளிக் கொடுங்கோலனைப் படைத்தவர் ழாரி. உலகம் தன்னைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளும்போது அதற்கெதிரே நிறுத்த வாஷேவுக்குத் தேவைப்பட்டது அந்தக் கோமாளித்தனம்தான்.

கால் சரியானதும் வாஷே கொஞ்ச காலம் லுவார் துறையில் நிலக்கரி இறக்கும் வேலை பார்த்தார். பகல் போக மாலையில் காப்பிக் கடையிலிருந்து காப்பிக் கடைக்கு, சினிமாவிலிருந்து சினிமாவுக்கு. கையில் இருந்ததற்கு மீறிச் செலவு. ஒருநாள் குதிரைப்படை அதிகாரி, மறுநாள் விமானி, இன்னொரு நாள் மருத்துவர் என்று வேஷம் மாற்றித் தெருவில் உலாவுவார். எதிரே பிரெத்தோன் வந்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கடந்துபோவார். யாருக்கும் கை கொடுக்க மாட்டார், வணக்கம் சொல்ல மாட்டார், விடைபெறவும் மாட்டார். மற்றவர்களிடம் பிரெத்தோனை ‘ஆந்த்ரே சல்மோன்’ என்று அறிமுகப்படுத்துவார். சல்மோன் அப்போது பெயர் தெரிந்த வேறொரு கவிஞர்! லூயிஸ் என்ற பெண்ணோடு ஒரே அறையில் வாழ்ந்தார். நண்பர் வந்திருக்கும்போது அவள் ஒரு மூலையில் மணிக்கணக்காக அசையாமல், பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து மணிக்குத் தேநீர் கொண்டுவருவாள். நன்றியாக அவள் கையில் ஒரு முத்தம். பிரெத்தோன் இதை வியப்போடு எழுதுகிறார். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து இது எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. சர்ரியலிசம் பெண்களைப் பிற்காலத்தில் நடத்திய விதத்துக்கு இந்த அறை ஒரு முன்னோட்டம் என்றே எனக்குப் படுகிறது.

சினிமா விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என்ன படம், எத்தனை மணிக்கு என்றெல்லாம் பார்க்காமல் ஏதாவது ஒரு திரையரங்குக்குள் நுழைவது, படம் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் அங்கிருந்து பார்ப்பது, லேசாக அலுப்புத் தட்டியதும் எழுந்து அடுத்த அரங்குக்கு ஓடுவது. நாந்த்தில் இருவருக்கும் இதுதான் பொழுதுபோக்கு. துண்டு துண்டான காட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தலைக்குள் வேறொரு படமாக ஓடும். ‘நாத்யா’ என்ற தன் நூலில் பிரெத்தோன் இன்னொரு சம்பவத்தையும் சொல்கிறார். பாரிஸில் ‘ஃபோலி திராமதிக்’ அரங்கின் முன்வரிசை இருக்கைகளில் இருவரும் இரவு உணவுக்கு உட்கார்ந்துவிடுவார்களாம். தகர டப்பாக்களைத் திறந்து, ரொட்டி அறுத்து, பாட்டில் மூடி கழற்றி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேசுவதுபோல் சத்தமாகப் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். மற்ற பார்வையாளர்கள் திகைத்துப் பார்ப்பார்கள், ஆனால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சர்ரியலிஸ்டுகள் பிற்காலத்தில் தற்செயலை நம்பித் தெருவில் அலைந்ததும், சம்பந்தமில்லாத படிமங்களை அருகருகே வைத்ததும் பெரிய கோட்பாடுகளாகப் பேசப்படுகின்றன. அந்தப் பழக்கங்களின் ஒரு வேர் இந்த இரண்டு பையன்களின் சினிமா பார்க்கும் முறையில் இருக்கிறது.

1916 மே மாதத்துக்குப் பிறகு வாஷே மறுபடி போர்முனைக்குப் போய்விட்டார். இந்தமுறை பிரிட்டிஷ் படைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக. பிரெத்தோன் சில மாதங்களில் சான் திஸியே என்ற ஊரில் இருந்த மனநல மையத்துக்கு மாற்றப்பட்டார். போரில் மனம் சிதறிய சிப்பாய்களின் பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுத்தார், அடிமனம் பற்றிய ஃப்ராய்டின் கருத்துகளை அறிந்துகொண்டார். சர்ரியலிசம் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் இந்த மருத்துவமனையில்தான் கதையைத் தொடங்கும். அது சரிதான், ஆனால் அரைக்கதை. மனம் தன்னிச்சையாகப் பேசுவதைப் பதிவுசெய்யும் முறை சான் திஸியேயிலிருந்து வந்தது. இலக்கியத்தை ஒரு தொழிலாக, ஒரு பதவியாக ஏற்க மறுக்கும் திமிர் வந்தது வாஷேவிடமிருந்து. முதலாவது மட்டும் இருந்திருந்தால் பிரெத்தோன் ஒரு நல்ல மனநல மருத்துவராகவோ இன்னொரு குறியீட்டுக் கவிஞராகவோ போயிருக்கலாம்.

இனி கடிதங்கள். வாஷே எழுதும் பாணியே தனி. பாதியில் நிற்கும் வாக்கியங்கள், இடையிடையே நீளக் கோடுகள், திடீரெனப் பெரிய எழுத்துகள், ஆங்கிலச் சொற்கள், வேண்டுமென்றே செய்த எழுத்துப்பிழைகள். 1917 ஏப்ரல் 29 தேதியிட்ட கடிதம்தான் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. பிரெத்தோன் அவரிடம் நகைச்சுவை என்றால் என்ன என்று ஒரு வரையறை கேட்டிருந்தார். பிரெஞ்சில் அந்தச் சொல்லின் முதலெழுத்தை வெட்டிவிட்டு ‘உமூர்’ என்றே எழுதுவது வாஷேவின் வழக்கம். அவர் தந்த விளக்கம் ஏறக்குறைய இப்படிப் போகும்: அது ஓர் உணர்வு, ஒரு புலன் என்றே சொல்லிவிடலாம், எல்லாமே நாடகத்தனமாகவும் மகிழ்ச்சியற்றும் பயனற்றுக் கிடக்கிறது என்பதை உணரும் புலன், விஷயம் தெரிந்தவர்களுக்கு.

அதே கடிதத்தில் ஓர் அலாரக் கடிகாரம் வருகிறது. அறைக்குள் நுழையும்போதெல்லாம் அது தன்னை உற்றுப் பார்க்கும் விதம் பயமாக இருக்கிறது என்கிறார், அதனிடம் ஏன் இவ்வளவு ‘உமூர்’ இருக்கிறது என்று கேட்கிறார். வரையறையைவிட இந்தக் கடிகாரம்தான் விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது. நேரத்துக்கு எழுப்பி, நேரத்துக்குச் சாகடிக்கும் உலகத்தின் நேர்மையான சின்னப் பிரதிநிதி அது. சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தச் சிரிப்பில் சந்தோஷம் கிடையாது. 1917 ஏப்ரலில், அகழிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. போரை எதிர்த்து வாஷே முழக்கமிடவில்லை, ஓடிப்போகவும் இல்லை. சீருடையைப் போட்டுக்கொண்டு, உள்ளுக்குள் அங்கே இல்லாமல் இருந்தார். போர்க்காலத்தில் கொல்லப்படுவதற்கு எனக்கு ஆட்சேபணை உண்டு என்று எழுதினார். ஒரு பக்கம் நேச நாடுகளின் படைக்கும் மறுபக்கம் எதிரிப் படைக்கும் பொருந்தும்படி இரண்டாக வெட்டித் தைத்த சீருடை ஒன்றில் அவரைப் பார்த்ததாக பிரெத்தோன் சொல்கிறார். நிஜமோ மிகையோ, வாஷேவின் நிலையை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

1917 ஆகஸ்ட் 18 கடிதம் இலக்கியத்தின் மீது பாய்கிறது. கலையும் பிடிக்காது, கலைஞர்களையும் பிடிக்காது, அப்போலினேர் ஒழிக. மல்லார்மேயை வெறுப்பில்லாமல் கண்டுகொள்ளாமல் விடுகிறோம், ஆள்தான் செத்துப்போய்விட்டாரே! அப்போலினேர் மீது என்ன குற்றச்சாட்டு? ரொம்பத் தெரிந்தே கலை செய்கிறார், பழைய ரொமாண்டிசிசத்தைத் தொலைபேசிக் கம்பியால் ஒட்டுப்போடுகிறார், டைனமோவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நவீனக் கவிதையின் மீது வைக்கப்பட்ட விமர்சனங்களில் இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு குரூரமாகவும் நான் வேறு படித்ததில்லை. வரிகளில் தந்திக் கம்பமும் விமானமும் நுழைந்துவிட்டால் மட்டும் கவிதை நவீனமாகிவிடாது என்பதை இருபத்தோரு வயதில் பிடித்துவிட்டார். அந்தக் கடிதத்தில் சலுகை பெறும் ஒரே இலக்கியப் பாத்திரம் லஃப்காதியோ. ஆந்த்ரே ழீதின் 1914ஆம் ஆண்டு நாவலில், காரணமே இல்லாமல் ஓடும் ரயிலிலிருந்து ஒருவரைத் தள்ளிவிட்டுக் கொல்பவன். அவன் வாசிப்பதில்லை, கொலை போன்ற வேடிக்கையான சோதனைகளைத் தவிர வேறெதையும் உற்பத்தி செய்வதில்லை என்பதால் அவனுக்குக் கொஞ்சம் ‘உமூர்’ உண்டு என்று ஒத்துக்கொள்கிறார் வாஷே.

இந்தக் கடிதத்துக்கு இரண்டு மாதம் முன்பு நடந்ததுதான் வாஷே கதைகளிலேயே மிகப் பிரபலமான சம்பவம். 1917 ஜூன் 24, பாரிஸின் மோன்மார்த்ரில் மொபெல் அரங்கு. அப்போலினேரின் ‘திரேசியாஸின் முலைகள்’ முதல் மேடையேற்றம். தெரேஸ் என்ற பெண் பெண்ணாக இருக்க மறுத்து, ரவிக்கையைத் திறந்து பலூன் முலைகளைப் பறக்கவிட்டு வெடிக்கச் செய்கிறாள். அவள் கணவன் தனியாளாக ஒரே நாளில் 40,049 பிள்ளைகளைப் பெற்றுப்போடுகிறான். இந்த நாடகத்துக்கு அப்போலினேர் வைத்த துணைத்தலைப்பு ‘சர்ரியலிச நாடகம்’. அந்தச் சொல்லை உருவாக்கியவரே அவர்தான்.

நிகழ்ச்சி வெகுநேரம் தாமதமாகத் தொடங்கியது. முதல் அங்கம் முடிந்த நேரம், பிரிட்டிஷ் அதிகாரி உடையில் வாஷே கையில் ரிவால்வரோடு எழுந்து, கூட்டத்தை நோக்கிச் சுடப்போவதாக மிரட்டினார். பிரெத்தோன் அவரை ஒருவழியாகச் சமாதானப்படுத்தினார். இதற்கு முக்கியமான சாட்சி பிரெத்தோன் ஒருவர்தான், அதனால் நடந்தது இவ்வளவு நாடகத்தனமாக இருந்திருக்குமா என்று சந்தேகப்படும் ஆய்வாளர்கள் உண்டு. இருக்கட்டும். தனக்கு முந்தைய தலைமுறைக்கும் புதிய தலைமுறைக்கும் நடுவே எவ்வளவு ஆழமான பள்ளம் விழுந்திருக்கிறது என்பதை அன்று மாலைதான் அளந்து பார்த்ததாக பிரெத்தோன் பல ஆண்டுகள் கழித்து வானொலிப் பேட்டிகளில் சொன்னார். ‘சர்ரியலிச’ என்ற அடைமொழியோடு நாடகம் மேடையேறிய அன்றே, அதைச் சுட்டுத்தள்ளத் தயாராக ஒருவர் பார்வையாளர் வரிசையில் இருந்தார். இயக்கம் சொல்லை அப்போலினேரிடமிருந்து எடுத்துக்கொண்டது, குணத்தை அந்த ரிவால்வர்க்காரரிடமிருந்து.

இந்த ரிவால்வர் அத்தோடு உறையில் போய்விடவில்லை. 1929 இறுதியில் வெளியான இரண்டாம் சர்ரியலிச அறிக்கையில் பிரெத்தோன் ஒரு வாக்கியம் எழுதினார். கையில் ரிவால்வரோடு தெருவில் இறங்கிக் கூட்டத்தை நோக்கிக் கண்மூடித்தனமாகச் சுடுவதுதான் மிக எளிய சர்ரியலிசச் செயல் என்று. இயக்கத்தின் மேல் இன்றுவரை ஒட்டியிருக்கும் கறை அந்த வாக்கியம். 1951இல் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு அதைப் பிடித்துக்கொண்டு, 1933 தொடங்கி பிரெத்தோன் அதற்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று எழுதினார். ஹிட்லர் பதவிக்கு வந்த ஆண்டு அது. வாஷே செய்தது ஒரு கேலி மிரட்டல், அதுவும் ஒரு குறிப்பிட்ட மாலையில், ஒரு குறிப்பிட்ட நாடகத்துக்கு எதிராக. அதை பிரெத்தோன் கொள்கை வாக்கியமாக மாற்றியபோது கேலி காணாமல் போய்விட்டது. கோட்பாடாக மாறும்போது வாஷேவின் சரக்கு கெட்டுப்போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

1918 நவம்பரில் போர் முடிந்தது. சமாதானம் வந்தபின் என்னவெல்லாம் ஆகலாம் என்று கடிதத்தில் வாஷே கனவு காண்கிறார்: கண்ணி வைத்து வேட்டையாடுபவர், திருடர், சுரங்கத் தொழிலாளி, அரிசோனாவில் ஒரு மதுக்கடை. கவிஞர் மட்டும் பட்டியலில் இல்லை.

1919 ஜனவரி 6, நாந்த்தின் கிராஸ்லேன் சதுக்கத்தில் உள்ள பிரான்ஸ் ஹோட்டல். அறைக்குள் நண்பர்களோடு ஓபியம். புகைக்கவில்லை, விழுங்கினார்கள். வாஷேவும் இன்னொரு இளைஞரும் படுக்கையில் பிணமாகக் கிடந்தார்கள். உடனிருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் பிழைத்துக்கொண்டார். செய்தி பிரெத்தோனுக்கு உடனே எட்டவில்லை. ஜனவரி 13 அன்றுகூட, செய்தித்தாள் துண்டுகளை ஒட்டி ஒரு படத்தொகுப்புக் கடிதம் தயாரித்து வாஷேவுக்கு அனுப்பினார். பெறவேண்டியவர் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

விபத்தா, தற்கொலையா? பிரெத்தோன் எழுதியதில் அழகான ஒரு தந்திரம் இருக்கிறது. அந்த மரணத்தை விபத்தென்றும் எடுத்துக்கொள்ள முடிவதுதான் அதன் சிறப்பு என்றார். வாஷேவுக்கு ஓபியம் புதிதில்லை, உடனிருந்தவர்கள்தான் அனுபவமில்லாதவர்கள், அவர்களைப் பலிகொடுத்து ஒரு கடைசி வேடிக்கை செய்துவிட்டுப் போக நினைத்திருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். நண்பனைப் புராணமாக்கும் ஆசையில், கூடவே இறந்த ஓர் இளைஞரை துணைநடிகராக்கிவிடுகிறார். போர் முடிந்து வீடு திரும்பக் காத்திருந்த பையன்கள் அளவு தெரியாமல் செய்த ஒரு காரியம் என்று பார்ப்பதுதான் எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

ஆனால் அந்த மரணம் வேலை செய்தது. அதே 1919 மார்ச்சில் பிரெத்தோன், லூயி அரகோன், பிலிப் சூப்போ மூவரும் ‘லிதெரத்யூர்’ என்ற இதழைத் தொடங்கினார்கள். வாஷேவின் கடிதங்கள் அதில் வெளியாயின. அதே ஆண்டில் பிரெத்தோனின் முன்னுரையோடு ‘போர்க் கடிதங்கள்’ என்ற சிறு நூலாகவும் வந்தன. பிரெத்தோனும் சூப்போவும் தடையற்று வேகமாக எழுதிப்பார்த்த ‘காந்தப் புலங்கள்’, தானியங்கி எழுத்தின் முதல் நூல், வாஷேவின் நினைவுக்குச் சமர்ப்பணம். கலையையே கேலி செய்த டாடா இயக்கத்தைச் சேர்ந்த, ஜூரிச்சிலிருந்த த்ரிஸ்தான் ஜாராவுக்கு அந்த ஜனவரியிலேயே பிரெத்தோன் கடிதம் எழுதினார், உலகில் தான் மிகவும் நேசித்தது மறைந்துவிட்டது என்று. அடுத்த ஆண்டு ஜாரா பாரிஸ் வந்து இறங்கியபோது, காலியான இடத்துக்கு ஒருவர் வந்துவிட்டார் என்கிற எதிர்பார்ப்பு அங்கே இருந்தது. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை, இரண்டே ஆண்டுகளில் சண்டை. டாடா பாரிஸுக்கு வந்ததற்குப் பின்னால் வாஷேவின் இல்லாமையும் ஒரு காரணம் என்பது இலக்கிய வரலாறுகளில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகிறது.

கருப்பு நகைச்சுவை என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு ஓர் இலக்கிய மரபைக் கட்டி எழுப்பியது பிரெத்தோன் தொகுத்த தொகைநூல். 1940இல் அச்சாகி, ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரான்ஸின் விஷி அரசு செய்த தணிக்கையால் போருக்குப் பின்னரே வாசகர்களிடம் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. அதில் வாஷேவுக்கும் ஓர் இடம். அந்தத் தொகுப்பின் மைய உணர்வே 1917 ஏப்ரல் கடிதத்தின் நீட்சிதான்.

“எதையும் உற்பத்தி செய்யாததுதான் வாஷேவின் அதிர்ஷ்டம்” என்று பிரெத்தோன் ஒருமுறை எழுதினார். கலைப்படைப்பு என்பது மரணத்துக்குப் பிறகும் ஆன்மாவைக் கட்டிவைக்கும் இரும்புக் குண்டு, அதை அவர் எப்போதும் காலால் எட்டி உதைத்தார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை எழுதியவர் வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டும், இதழ் நடத்திக்கொண்டும், ஆட்களைச் சேர்த்துக்கொண்டும் நீக்கிக்கொண்டும் இருந்தார். வாஷே உயிரோடு இருந்து அந்தக் குழுவின் காப்பிக்கடைக் கூட்டங்களுக்கு வந்திருந்தால், ஒரே வாரத்தில் கேலி செய்தே கலைத்திருப்பார், அல்லது நீக்கப்பட்டோர் பட்டியலில் முதல் ஆளாக இருந்திருப்பார். செத்தவர் என்பதால்தான் பிரெத்தோனால் கடைசிவரை சண்டை போடாமல் இருக்க முடிந்த மிகச் சில நண்பர்களில் ஒருவராக நீடித்தார்.

பிரெத்தோன் வரைந்த படத்தில் ஒரு பெரிய விடுபடலும் இருக்கிறது. அவர் எழுத்தைப் படித்தால் வாஷே எங்கிருந்தோ முளைத்து வந்தவர்போல இருக்கும். உண்மையில் போருக்கு முன்பே நாந்த் பள்ளியில் அவருக்கு ஒரு கூட்டாளிக் கும்பல் இருந்தது. பின்னாளில் நாடகாசிரியரான ழான் சர்மான் அதில் ஒருவர். 1913இல் அவர்கள் கொண்டுவந்த ஓரிதழ் ஊரில் பெரிய ரகளையைக் கிளப்பியது. அந்தக் கும்பலில் ஒருவரான எழேன் உப்லே போரில் பலியானார். வாஷேவின் கிண்டல், வேஷம், கலை மீதான இளக்காரம் எல்லாம் அந்த மாணவர் வட்டத்தில் கூட்டாகப் பழுத்தவை. 1980களில் மிஷேல் கரசூ அந்தக் குழுவைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தபிறகுதான் இது சரியாகத் தெரியவந்தது.

பிறகு மற்றக் கடிதங்களும் வெளிவந்தன. பிரெத்தோன் வெளியிட்டது தனக்கும் நண்பர்கள் ஃப்ரெங்கெல், அரகோன் ஆகியோருக்கும் வந்த பதினைந்து கடிதங்கள் மட்டுமே. நாந்த் மருத்துவமனையில் பழக்கமான செவிலியர் ழான் தெரியேனுக்கு எழுதிய நாற்பத்து மூன்று கடிதங்கள் 1991இல் தனி நூலாக வந்தன. வீட்டாருக்கு எழுதியவையும் சேர்ந்து, போர்க்காலக் கடிதங்கள் 2018இல் கலிமார் பதிப்பகத்தின் பெரிய தொகுதியாக வந்துவிட்டன. இவற்றில் இருக்கும் வாஷே வேறு ஆள். மரியாதை தெரிந்தவர், தோழியிடம் நயமாகப் பேசுகிறவர், பெற்றோருக்கு ஒழுங்காகக் கடிதம் போடும் மகன். அப்படியானால் பிரெத்தோனிடம் காட்டியது வேஷமா என்று கேட்டால், ஆமாம், வேஷம்தான், அதை மறைக்கவும் இல்லை. யாருக்கு எந்த வாஷேவைக் காட்டுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி உடைகளாக வரைந்து தள்ளியவர் அல்லவா?

கடைசி மாதங்களில் அவரே சற்று இளகியதும் தெரிகிறது. 1918 டிசம்பர் 19 கடிதத்தில், வரப்போகும் புதிய உணர்வுக்கு, ஏமாற்றும், லேசாக இளிக்கும், எப்படியும் பயங்கரமான அந்தக் கடவுளுக்கு, பாதை போட்டுவைக்கும் பொறுப்பை பிரெத்தோனிடமே விடுகிறார். அது கட்டவிழ்ந்தால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்கிறார். இலக்கியம் வேண்டாம் என்றவர் இலக்கியப் பொறுப்பை நண்பர் தலையில் கட்டிவிட்டு மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தார். பிரெத்தோன் அந்த உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார், வேடிக்கை என்ற பகுதியைத் தவிர.